படப்பெட்டி யார் வீட்டில் இருக்கிறது?

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிப் படமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சினிமா பிறந்த காலத்திலிருந்தே காமிரா அவர்கள் பக்கம் திரும்பித்தான் இருந்தது. அவர்களை ஆடவைத்தது, பல்லைக் காட்டிச் சிரிக்கவைத்தது, திருடனாக்கியது, கடைசியில் கயிற்றில் தொங்கவிட்டது. காமிராவுக்குப் பின்னால் நின்றவன் மட்டும் வேற ஆளு. அந்த ஆள் மாறிய வரலாறு நூறு ஆண்டு நீளமுள்ளது. அந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டிய காரணம் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1946ல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுக்கும் மனுவின் பிரதி தனக்கு வேண்டும் என்று கேட்டார். 1972ல் பம்பாயில் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குத் தலித் பேந்தர் என்று பெயர் வைத்தபோது அந்தச் சொல் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து வந்தது. அவர்களுடைய கவிதையும் தன்வரலாறும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அவர்களுடைய ஆவணப்படங்களின் கதை அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. இன்றைக்குச் செல்போனிலேயே படம் எடுத்துவிடலாம் என்று நம்முடைய தோழர்கள் பலரும் கிளம்பியிருக்கிற நேரத்தில் அதைப் பேசுவது நல்லது.

உண்மைக் கதையைப் படமாக்கும்போது மூன்று கேள்விகள் வருகின்றன. கதையைச் சொல்வது யார்? கேட்பது யார்? எடுத்து முடித்தபிறகு படப்பெட்டி யார் வீட்டில் இருக்கும்? முதல் இரண்டையும் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். மூன்றாவதை கம்பெனிக்காரன் கவலை, வக்கீல் கவலை என்று தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ள முடியாது என்பதைக் கறுப்பின மக்கள் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1. மூன்று மணி நேரப் பொய்

1915ல் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'பர்த் ஆஃப் எ நேஷன்' வெளிவந்தது. சுமார் மூன்று மணி நேரப் படம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, ஓட்டுரிமை பெற்று, சட்டசபைக்குப் போன கறுப்பர்களைக் குடிகாரர்களாகவும் வெள்ளைப் பெண்களைத் துரத்துகிறவர்களாகவும் அது காட்டியது. முக்கியமான கறுப்பர் வேடங்களில் முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் நடித்தார்கள். முகமூடி போட்டுக் குதிரையில் வந்த கொலைகாரக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளான் நாட்டைக் காப்பாற்ற வந்த வீரர் கூட்டமாகக் காட்டப்பட்டது. குடியரசுத் தலைவரின் வெள்ளை மாளிகையிலேயே படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். செத்துப்போயிருந்த கிளான் அமைப்பு அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்து ஸ்டோன் மவுண்டன் மலையில் மறுபடி உயிர்பெற்றது.

சினிமாதானே, கதைதானே என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். படம் வந்தது, கும்பல் வந்தது, அதன் பின்னால் கயிறும் வந்தது. கறுப்பர் உரிமைக்காக 1909ல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. ஊர் ஊராகப் படத்தை எதிர்த்தது. சில இடங்களில் தடுக்கவும் முடிந்தது. ஆனால் ஒரு பொய்யைத் தடுத்துவிட்டால் உண்மை தானாக நடந்து வந்துவிடாது. அதை யாராவது எடுத்துக் காட்ட வேண்டும்.

ஆஸ்கர் மிஷோ என்கிற கறுப்பினக் கலைஞர் 1920ல் 'விதின் அவர் கேட்ஸ்' என்ற படத்தை எடுத்தார். கும்பல் கொலையைக் கறுப்பர் பக்கத்திலிருந்து காட்டிய படம். கலவரம் வரும் என்று சொல்லி சிக்காகோ தணிக்கைக்காரர்கள் தயங்கினார்கள். அதைவிட முக்கியம் பிறகு நடந்தது. அந்தப் படம் காணாமல் போய்விட்டது. பல பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயின் நாட்டில் ஒரு பிரதி கிடைத்து, 1993ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் செப்பனிட்டது. கிரிஃபித்தின் படத்துக்கு அப்படி ஒரு நிலை ஒருநாளும் வரவில்லை. பொய்யைச் சொன்ன பெட்டி பத்திரமாக இருந்தது. மறுத்துச் சொன்ன பெட்டியைக் கடல் தாண்டித் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது கேள்வி இங்கேயே தொடங்கிவிட்டது.

2. பாதிரியார் எடுத்த படம்

ஓக்லஹாமா மாநிலத்தில் துல்சா என்று ஒரு நகரம். அங்கே கிரீன்வுட் பகுதியில் கறுப்பர்கள் சொந்தமாகக் கடை, ஓட்டல், சினிமாக் கொட்டகை, பத்திரிகை என்று வைத்து நடத்தினார்கள். 1921 மே 31, ஜூன் 1 இரண்டு நாட்களில் வெள்ளைக் கும்பல் புகுந்து முப்பத்தைந்து தெருக்கட்டங்களை எரித்தது. செத்தவர்கள் எண்ணிக்கை முன்னூறு வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அந்தச் சம்பவம் பல பத்தாண்டுகள் கிடையாது. ஓக்லஹாமா அரசு அமைத்த விசாரணைக் குழு அறிக்கை கொடுத்ததே 2001ல்தான்.

அந்த மாநிலத்தில் சாலமன் சர் ஜோன்ஸ் என்று ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார். அடிமையாக இருந்தவர்களின் பிள்ளை. 1924லிருந்து 1928 வரை ஒரு 16 மி.மீ. காமிராவைத் தூக்கிக்கொண்டு கறுப்பர் ஊர்களைச் சுற்றினார். என்ன எடுத்தார்? கோயில் விட்டு வெளியே வரும் சனங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடை வாசலில் நிற்கும் முதலாளி. ஊர்வலம், ஞானஸ்நானம், சவ அடக்கம். பெரிய கதை ஒன்றுமில்லை. நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு காமிரா முன்னால் வரிசையாக நடந்துபோகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று பார்க்க வேண்டும். எரித்து மூன்று நான்கு வருசத்தில் மறுபடி கட்டி எழுப்பிய கிரீன்வுட் அந்தச் சுருள்களில் இருக்கிறது. எரிந்த தெருவைக் காட்டும் புகைப்படங்களும் இருந்தன. அவற்றில் பலவற்றைத் தபால் அட்டையாக அச்சடித்து விற்றவர்கள் வெள்ளையர்கள். எரித்தவன் சாம்பலைப் படம் எடுத்தான். எரிக்கப்பட்டவர்களில் ஒருவர் மறுபடி எழுந்த வீட்டைப் படம் எடுத்தார். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஆவணப்படம் புரிந்த மாதிரி. நம்மைப் பற்றிப் படம் என்றாலே கொலை, தீ, மலம், கண்ணீர் என்று ஆகிவிட்ட காலத்தில், ஒரு சமூகம் தன் சொந்தக் காமிரா முன்னால் எப்படி நிற்க ஆசைப்பட்டது என்பதற்கு இந்தச் சுருள்கள் சாட்சி. இன்றைக்கு இருபத்தொன்பது சுருள்கள் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 2016ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அவை சேர்க்கப்பட்டன.

3. கேட்கிற ஆளைப் பொறுத்த பதில்

காமிராவுக்கு முன்னால் காகிதம் இருந்தது. 1936லிருந்து 1938 வரை அமெரிக்க அரசு வேலையில்லாத எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்கிற திட்டத்தில், அடிமையாக வாழ்ந்து இன்னும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப் பேச வைத்தது. இரண்டாயிரத்து முன்னூறுக்கும் மேற்பட்ட வாய்மொழிகள் சேர்ந்தன. கறுப்பின வரலாற்றைப் படமாக்குகிற எவரும் இன்றுவரை போய்க் கையேந்தி நிற்கிற சுரங்கம் அது. ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

தென் கரோலினா மாநிலத்துச் சார்லஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற, நூறு வயதைத் தாண்டிவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பாட்டி. 1937ல் முதலில் ஒரு வெள்ளைப் பெண்மணி போய்க் கேட்கிறார். உதவிப்பணம் கொடுக்கிற ஆபீசிலிருந்து வந்தவர் என்று பாட்டி நினைத்துக்கொள்கிறார். எசமான் நல்லவர், குறை ஒன்றுமில்லை என்கிற மாதிரி பேச்சு போகிறது. அடுத்து ஒரு கறுப்பின எழுத்தாளர் போகிறார். அதே வாய் வேறு கதை சொல்கிறது. சவுக்கடி, ராத்திரி பகலாகக் கேட்ட அலறல், சொல்லாமல் கொள்ளாமல் விற்கப்பட்ட உறவுகள்.

எது உண்மை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய விதம் அது இல்லை. முதல் பதிலும் ஓர் உண்மையைச் சொல்கிறது: நூறு வயதிலும், அடிமைமுறை ஒழிந்து எழுபது வருசத்துக்குப் பின்னும், ஒரு வெள்ளை முகத்தின் முன்னால் அந்தக் கிழவி பயந்து பேச வேண்டியிருந்தது. அதாவது, கேட்கிறவன் சாட்சியத்துக்கு வெளியே நிற்பதில்லை. அவனும் அதற்குள்தான் இருக்கிறான். ஊர்த்தெருவில் கார் நிறுத்திவிட்டு இறங்கி, மைக்கை நீட்டி "சொல்லுங்கம்மா, பயப்படாம சொல்லுங்க" என்கிறவர்கள் இந்தப் பாட்டியின் இரண்டு வாக்குமூலத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

4. மூடாத பெட்டி

1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் மாமா வீட்டுக்கு வந்திருந்த பதினான்கு வயது எம்மெட் டில் என்ற பையனை, வெள்ளைப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று சொல்லி, இரண்டு வெள்ளையர்கள் தூக்கிப் போய் அடித்துச் சுட்டு ஆற்றில் போட்டார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. சிக்காகோவுக்கு வந்த சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அம்மா மேமி டில் திறக்கச் சொன்னார். மூடாமலேயே வைத்தார். ஆயிரக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பர்கள் நடத்திய 'ஜெட்' பத்திரிகையின் புகைப்படக்காரரை எடுக்கவும் சொன்னார். அந்தப் படம் வெளிவந்தது.

கொலைகாரர்களை முழுக்க வெள்ளையர்கள் உட்கார்ந்திருந்த ஜூரி ஒரு மணி நேரச் சொச்சத்தில் விடுதலை செய்தது. கோர்ட்டில் எழுந்து நின்று, விரலை நீட்டி, கூட்டிக்கொண்டு போனவர்களை அடையாளம் காட்டினார் பையனின் பெரிய மாமா மோஸ் ரைட். மிசிசிப்பியில் கூலி விவசாயியான ஒரு கறுப்பர் வெள்ளையனைக் கை நீட்டிக் காட்டுவது என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. விடுதலையானவர்கள் அடுத்த ஜனவரியில் ஒரு பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு, ஆமா, நாங்கதான் கொன்னோம் என்று சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களைச் சட்டம் தொட முடியாது.

பிணத்தின் படம் வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்கு நாம் நிறைய விவாதிக்கிறோம். மேமி டில் செய்ததைச் சொல்லித்தான் பலரும் எதையும் எடுக்கலாம் என்று வாதாடுகிறார்கள். அவர் செய்ததில் முக்கியமானது, தீர்மானம் அவருடையது என்பது. பிள்ளை அவருடையது, பெட்டி அவருடையது, எந்தப் பத்திரிகைக்கு என்பதையும் அவர்தான் முடிவு செய்தார். அடுத்தவர் பிள்ளையின் உடம்பைக் கேட்காமல் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்ல உரிமை கிடையாது.

5. ஹாம்ப்டனின் பள்ளிக்கூடம்

இந்த எம்மெட் டில் கதையில் தொடங்குகிறது 'ஐஸ் ஆன் த பிரைஸ்'. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி இதுவரை எடுக்கப்பட்ட ஆவணப்படங்களில் முதலில் சொல்லப்பட வேண்டிய தொடர். எடுத்தவர் ஹென்றி ஹாம்ப்டன். 1940ல் செயின்ட் லூயி நகரில் பிறந்தவர். எம்மெட் டில்லைவிட ஒரு வயது மூத்தவர். பதினைந்து வயதில் போலியோ வந்து கால் பாதிக்கப்பட்டது. பாஸ்டனில் யூனிடேரியன் திருச்சபையில் செய்தித் தொடர்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

1965 மார்ச் 7. அலபாமா மாநிலம் செல்மா நகரம். ஓட்டுரிமை கேட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் நடந்து வந்தவர்களைப் போலீஸ் குதிரையேறி அடித்து நொறுக்கியது. நாடெங்குமிருந்து ஆட்கள் கிளம்பிப் போனார்கள். ஹாம்ப்டனும் போனார். இரண்டு நாள் கழித்து நடந்த ஊர்வலத்தில், இழுத்து நடக்கிற காலோடு அதே பாலத்தில் நடந்தார். இது ஒருநாள் படமாக வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். தோன்றியது 1965ல். படம் ஒளிபரப்பானது 1987 ஜனவரியில். நடுவில் இருபத்திரண்டு வருசம்.

அந்த இருபத்திரண்டு வருசம் சும்மா போகவில்லை. 1968ல் பாஸ்டனில் பிளாக்சைடு என்ற சொந்தப் படநிறுவனம் தொடங்கினார். அந்த ஆண்டு முக்கியமான ஆண்டு. நகரக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் குழு, அமெரிக்கப் பத்திரிகையும் டிவியும் வெள்ளையர் கண்ணால் மட்டுமே பார்க்கின்றன என்று அரசு அறிக்கையிலேயே எழுதியது. பொதுத் தொலைக்காட்சியில் 'பிளாக் ஜர்னல்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. பெயர்தான் பிளாக், தலைமை வெள்ளையரிடம். அங்கே வேலை செய்த கறுப்பர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். வில்லியம் கிரீவ்ஸ் பொறுப்புக்கு வந்தார். கறுப்பின ஆவணப்படக்காரர்கள் பலர் தொழில் கற்ற இடமாக அது ஆனது. வாய்ப்பு யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை, வேலைநிறுத்தம் பண்ணித்தான் வாங்கினார்கள்.

ஹாம்ப்டன் தன் யோசனையை 1970களின் கடைசியில் ஒரு வணிக ஊடக நிறுவனத்துக்காக எடுத்துப் பார்த்தார். அது பாதியில் நின்றுபோனது. 1980களில் மறுபடி தொடங்கினார். இந்த முறை முதலில் காமிராவை எடுக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். படக்குழு முழுவதையும் உட்காரவைத்து, வரலாற்று ஆசிரியர்களையும் இயக்கத்தில் அடிபட்டவர்களையும் கூப்பிட்டுப் பல நாட்கள் பாடம் நடத்தச் செய்தார். எடுக்கப்போகிறவர்கள் முதலில் மாணவர்களானார்கள்.

பிறகு ஒரு விதி. திரையில் பேசுகிறவர் சம்பவ இடத்தில் இருந்தவராக இருக்க வேண்டும். பேராசிரியர் வந்து உட்கார்ந்து இதன் பொருள் இன்னது என்று விளக்கக் கூடாது. அவர் வேலை பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. சமையற்காரம்மா, மாணவன், பாதிரியார், ஊர்க்காரர் எல்லாரும் தாங்கள் பார்த்ததைத் தாங்களே சொன்னார்கள். எதிர்ப்பக்கமும் பேசியது. செல்மாவின் வெள்ளை மேயரும் திரையில் வந்து தன் நியாயத்தைச் சொன்னார். இன்னொரு விதி, ஒவ்வொரு பகுதியையும் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் சேர்ந்து தயாரிக்க வேண்டும். சண்டை வரத்தானே செய்யும் என்றால், வரட்டும் என்றுதான் வைத்தார். எடிட்டிங் அறையில் அந்தச் சண்டை நடந்து முடிந்தபிறகு படம் வெளியே வந்தால் உறுதியாக நிற்கும் என்பது அவர் கணக்கு. குரல் கொடுத்தவர் ஜூலியன் பாண்ட், மாணவர் போராட்ட அமைப்பில் தொடர்பாளராக இருந்தவர்.

1987ல் ஆறு பகுதி, 1990ல் எட்டுப் பகுதி. பின் எட்டில் மால்கம் எக்ஸ், கறுப்புச் சிறுத்தைகள், சிக்காகோவில் போலீஸ் படுக்கையிலேயே சுட்டுக் கொன்ற ஃபிரெட் ஹாம்ப்டன், ஆட்டிக்கா சிறைக் கிளர்ச்சி எல்லாம் வந்தன.

இந்தத் தொடரிலும் ஒரு சறுக்கல் உண்டு. எம்மெட் டில் பகுதியில், கடையில் என்ன நடந்தது என்று நேரில் பார்த்ததுபோல ஓர் உறவினர் சொல்கிறார். அந்த நாளில் அவர் மிசிசிப்பிக்கு வந்தே சேரவில்லை என்று உண்மையில் கூட இருந்த உறவினர்கள் பின்னால் சொன்னார்கள். இருந்தவர்தான் பேச வேண்டும் என்ற விதியை வைத்த படத்திலேயே இருக்காதவர் பேசிவிட்டார். பொய் சொன்னார் என்று எளிதாகச் சொல்லக்கூடாது. முப்பது வருசம் ஊரே பேசிய கதை ஒருவர் நினைவுக்குள் நேரில் பார்த்ததாகவே குடியேறிவிடும். நம்ம சனம் சொன்னால் அதுவே உண்மை, சோதிக்கத் தேவையில்லை என்று நினைக்கிற தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன். சோதிப்பது அவமதிப்பாகாது. ஒரு தவறான சாட்சியம் பத்து உண்மையான சாட்சியத்தைச் சந்தேகத்துக்குள் தள்ளிவிடும். எதிரி அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வான்.

6. ஓசேஜ் அவென்யூ

ஹாம்ப்டனின் தொடர் ஒரு நாட்டின் கதை. ஒரே ஒரு தெருவின் கதையையும் எடுத்திருக்கிறார்கள். 1985 மே 13 அன்று பிலடெல்பியா போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து ஓசேஜ் அவென்யூவில் ஒரு வீட்டின் மேல் குண்டு போட்டது. 'மூவ்' என்ற கறுப்பர் குழுவினர் இருந்த வீடு அது. பதினொரு பேர் செத்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். தீயை எரியவிட்டார்கள். அறுபத்தொரு வீடுகள் சாம்பலாயின. அப்போதைய மேயர் வில்சன் கூட், அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர்.

இந்தக் கதையை எப்படி எடுப்பது? அடித்தவன் வெள்ளை, அடிபட்டவன் கறுப்பு என்று சுலபமாகப் பிரிக்க முடியாது. உத்தரவு போட்ட நிர்வாகத்தின் தலைமையில் கறுப்பர். குண்டு விழுவதற்கு முன்னால் மூவ் குழுவின் தொல்லை தாங்கவில்லை என்று புகார் கொடுத்ததும் பக்கத்து வீட்டுக் கறுப்பர்கள். வீடு இழந்ததும் அவர்கள்தான். லூயி மசையா என்ற இளம் படக்காரர் 1986ல் 'பாம்பிங் ஆஃப் ஓசேஜ் அவென்யூ' என்ற படத்தை எடுத்தார். எழுதிக் குரல் கொடுத்தவர் எழுத்தாளர் டோனி கேட் பம்பாரா. அவர்கள் போலீஸ் கமிஷனரிலிருந்து தொடங்காமல் அந்தப் பேட்டையிலிருந்து தொடங்கினார்கள். அந்தத் தெருவில் வீடு வாங்கக் கறுப்பர்கள் என்ன பாடுபட்டார்கள், அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது, எது பறிபோனது என்று அங்கே வாழ்ந்தவர்களே சொன்னார்கள். சமூகம் என்பது ஒரே குரலில் பேசுகிற கூட்டம் என்று காட்டுகிற படம் பிரச்சாரத்துக்கு உதவலாம். அந்தத் தெருவில் இருந்தவர்கள் அதில் தங்களைக் காண மாட்டார்கள்.

மசையா 1982லேயே பிலடெல்பியாவில் ஸ்கிரைப் வீடியோ மையம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். சாதாரண சனங்களுக்குக் காமிரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற இடம். 2000களில் அந்த மையம் ஒரு வேலையை எடுத்தது. ஒவ்வொரு பேட்டையிலும் அங்கே இருக்கிறவர்களே கூடி, எங்கள் ஊரில் காப்பாற்ற வேண்டிய இடம் இது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதைப் பற்றிச் சிறு படம் எடுப்பார்கள். ஒரு படக்காரரும் ஓர் ஆய்வாளரும் உதவிக்கு வருவார்கள். கதை யாருடையது என்பதில் குழப்பமே கிடையாது.

ஓசேஜ் அவென்யூ கதை 1986ல் முடியவில்லை. 2021ல் ஒரு செய்தி வெளிவந்தது. அந்தக் குண்டில் செத்த ஒரு பிள்ளையுடையது என்று கருதப்பட்ட எலும்புகளைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் வைத்திருந்தது. பெற்றவர்களுக்குத் தெரியாது. இணையவழி வகுப்பு ஒன்றில் அந்த எலும்பைக் கையில் எடுத்துக் காட்டிப் பாடம் நடத்திய வீடியோவும் இருந்தது. கல்விதான், ஆய்வுதான். 1915க்குப் பிறகு இவ்வளவு வந்தபிறகும், கறுப்பினப் பிள்ளையின் எலும்பு அம்மாவுக்குத் தெரியாமல் காமிரா முன்னால் நின்றது.

7. பூட்டிய பெட்டி

இனி மூன்றாவது கேள்வி. 'ஐஸ் ஆன் த பிரைஸ்' ஏராளமான பள்ளி, கல்லூரிகளில் காட்டப்பட்டது. 1990களின் நடுவில் அது காணாமல் போயிற்று. ஒளிபரப்ப முடியாது, புதிய காசெட் விற்க முடியாது. அரசு தடை செய்யவில்லை. யாரும் எரிக்கவில்லை. உரிமக் கெடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நடந்தது இது. படத்தில் இருந்த பழைய காட்சிகள் டிவி நிறுவனங்களுக்கும் படக் களஞ்சியங்களுக்கும் சொந்தம். புகைப்படங்கள் வேறு வேறு ஆட்களுக்குச் சொந்தம். பாட்டுகளுக்குத் தனி உரிமை. கையில் இருந்த பணத்துக்கு ஏற்றபடி சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமம் வாங்கியிருந்தார்கள். கெடு முடிந்தால் எல்லாருக்கும் மறுபடி காசு கட்ட வேண்டும். ஹாம்ப்டனிடம் அந்தப் பணம் இல்லை. 1998ல் அவர் இறந்துபோனார். மார்ட்டின் லூதர் கிங்குக்கு நண்பர்கள் பிறந்தநாள் பாட்டுப் பாடுகிற காட்சி ஒன்று படத்தில் உண்டு. அந்தப் பிறந்தநாள் பாட்டுக்கும் அப்போது ஒரு கம்பெனி உரிமை கொண்டாடியது. அந்த உரிமை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது 2015ல்தான்.

பாலத்தில் அடி வாங்கினது சனங்க. மண்டை உடைஞ்சது அவங்களுக்கு. அந்த மண்டை உடைகிற காட்சிக்குச் சொந்தக்காரன் ஒரு கம்பெனி. அடிபட்டவருடைய பேரப்பிள்ளை அதைப் பார்க்க வேண்டுமானால் கம்பெனிக்குக் கப்பம் கட்ட வேண்டும். இதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. காமிராவை அன்றைக்குச் சுமந்து நின்றவனும் உயிரைப் பணயம் வைத்துத்தான் நின்றான், அதையும் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு சமூகத்தின் நினைவு வாடகை வீட்டில் குடியிருந்தால், வாடகை கட்ட முடியாத மாதம் நினைவு தெருவுக்கு வந்துவிடும்.

2005 பிப்ரவரியில், கறுப்பர் வரலாற்று மாதத்தில், இளைஞர்கள் சிலர் உரிமத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஊர் ஊராக இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட அழைப்பு விட்டார்கள். மிசிசிப்பிப் போராட்டத்தில் சிறையில் அடிபட்ட லாரன்ஸ் குயோட் வெளிப்படையாக அவர்களை ஆதரித்தார். அறக்கட்டளைகள் பணம் கொடுத்து, உரிமங்கள் புதுப்பிக்கப்பட்டு, 2006ல் தொடர் மறுபடி ஒளிபரப்பானது. ஒரு பெரிய விசயம் தப்பித்தது. பிளாக்சைடு எடுத்த பேட்டிகள் ஒவ்வொன்றும் நீளமானவை. படத்தில் வந்தது சில நிமிடம்தான். மீதியை எறியாமல் வைத்திருந்தார்கள். செயின்ட் லூயியில் ஹாம்ப்டன் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தொகுப்பு போய்ச் சேர்ந்தது. இன்று அந்தப் பேட்டிகளை யாரும் முழுதாகப் படிக்கலாம். அந்தப் பேட்டிகள் பிளாக்சைடு தானே எடுத்தவை. இரவல் வாங்கிய காட்சிதான் பூட்டிக்கொண்டது.

படம் எடுக்க நினைக்கிற தோழர்களுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். காமிரா வாங்குவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் வையுங்கள், அந்த ஊரைத் தெரிந்தவர்களை ஆசிரியராக்குங்கள். பேசுகிறவர் அங்கே இருந்தாரா என்று பாருங்கள், நம்மாளாக இருந்தாலும் பாருங்கள். சமூகத்துக்குள் இருக்கிற சண்டையை மறைக்காதீர்கள். சாவைக் காட்டுவதா வேண்டாமா என்பதைப் பெற்றவர்களிடம் கேளுங்கள். கோயில் விட்டு வருகிற சனத்தையும் எடுத்து வையுங்கள். வெட்டி எறிகிற பேட்டியை எறியாதீர்கள். அடுத்தவனிடம் காட்சி வாங்கினால் எத்தனை வருசத்துக்கு என்று கையெழுத்துப் போடும் முன்னால் படியுங்கள்.

படம் முடிந்து, கைதட்டி, விருது வாங்கியபிறகு, மூலப்பிரதி எங்கே இருக்கப் போகிறது என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேசினவர்களின் தெருவில், நூலகமோ சங்கமோ படிப்பகமோ, ஏதோ ஒன்றில் ஒரு பிரதி இருக்கட்டும். அவர்கள் வேண்டும்போது, யாரையும் கேட்காமல், போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.